வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில்

1

நீச்சல்குளத்தைச் சுற்றி வேலி போடச் சொல்வது, குளத்தை வேறு யாரும் அமுக்கிவிடாமல் இருப்பதற்குத்தான் என்று நான் முதலில் நம்பினேன்.

சிரிக்காதீர்கள். செங்கல்பட்டுக்காரன் வேறு எப்படி நம்புவான்? எங்கள் பக்கத்தில் மனை வாங்கினால் முதலில் கல் நடுவோம். கல் நட்ட கையோடு முள்கம்பி இழுப்போம். அடுத்த முறை போகும்போது அந்தக் கல் ஒரு முழம் நகர்ந்து நிற்கிறதா என்று காலடி வைத்து அளந்து பார்ப்போம். வேலி என்றால் 'இது என்னுது, அந்தாண்ட போ' என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிரிஸ்பேன் நகரத்துக்கு வெளியே, குளத்தோடு இருந்த ஒரு பழைய வீட்டை நாங்கள் வாங்கிப் பல வருஷமாகிறது. குளத்துக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை. குளம் இருந்ததால் வீடு மலிவாக வந்தது. பராமரிக்க முடியாமல் ஓடிப்போகிறவர்கள் விற்கும் வீடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த நீலத் தண்ணீருக்கு முன்னால் கைகட்டி நின்று எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட அன்று, அக்கா புருஷன் தனசேகர் மாமா ஒரே வரி எழுதினார்: "மச்சான் ஜமீன்தாரு ஆய்ட்டான்." அந்த ஒரு வரிக்காகவே இன்னும் கொஞ்சம் அதிக விலை கொடுத்திருக்கலாம்.

இந்த வாரம் குளத்தைச் சோதிக்க மறுபடி ஆள் வந்து போனார். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட நினைத்ததால் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். 'பாஸ்' ஆன சந்தோஷத்தில் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு, போன தை மாதம் ஊரில் நடந்தது ஞாபகம் வந்தது. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

முதல் சோதனையில் நான் கோட்டை விட்டது தனிக் கதை.

வந்தவர் பெயர் கிரெக். வயதானவர், நிதானமானவர். குளத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். தண்ணீரைப் பளிங்கு மாதிரி வைத்திருந்தேன். அவர் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே முட்டி போட்டு உட்கார்ந்தார். அப்படியே முட்டியால் நகர்ந்து நகர்ந்து வேலியைச் சுற்றி வந்தார். எனக்குப் பதற்றம். அங்கப்பிரதட்சிணம் செய்கிறாரா, கீழே விழுந்த எதையாவது தேடுகிறாரா என்று புரியாமல், மரியாதைக்கு நானும் கொஞ்சம் குனிந்தபடியே பின்னால் போனேன்.

வேலியை ஒட்டி வைத்திருந்த கருவேப்பிலைத் தொட்டி தப்பு. அதன் மேல் ஏறி வேலியைத் தாண்டலாம். வடாம் காயவைத்த பிளாஸ்டிக் நாற்காலி தப்பு. வேலியில் தொங்கிய என் வேட்டி தப்பு, பிடித்துக்கொண்டு ஏறலாம். எல்லாவற்றுக்கும் மேல், கதவு. குளத்தின் கதவு விட்ட உடனே தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தானாகத் தாழ் விழ வேண்டும். நானோ, போக வர வசதியாக இருக்கட்டும் என்று மாமல்லபுரத்தில் வாங்கிவந்த கல் யானையை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். கிரெக் யானையை வெகுநேரம் பார்த்தார். "அழகான யானை," என்றார். பிறகு ஏதோ எழுதினார்.

நான் என் ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, "ஐ வில் டூ த நீட்ஃபுல்" என்றேன். சென்னையில் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் தப்பிக்காத அலுவலகம் கிடையாது. கிரெக் நிமிர்ந்து, "நீட்ஃபுல் என்றால் எது?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். எது என்று எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்கிறேன், யாரும் கேட்டதில்லையே.

கடைசியாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "வீட்டைச் சுற்றி ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு மரச்சுவர் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அப்புறம் வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் எதற்கு இன்னொரு வேலி? எந்தத் திருடனுக்கு?"

"திருடனுக்கு இல்லை. உங்கள் பிள்ளைக்கு."

"பிள்ளை விழுந்தால் சத்தம் போடாதா? நாங்கள் இங்கேயேதானே இருக்கிறோம்."

"போடாது," என்றார். "தண்ணீரில் போகிற பிள்ளை சத்தமே போடாது. அதற்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. நீங்கள் பக்கத்து அறையில்தான் இருப்பீர்கள்."

அதைச் சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடிய விதத்தில், யாருடைய பக்கத்து அறையையோ அவர் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. யானையை அன்றைக்கே தூக்கி வரவேற்பறையில் வைத்துவிட்டேன்.

3

அன்று பிடித்த வியாதி இன்னும் விடவில்லை.

காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் குளத்துக் கதவைத் திறந்து விடுவேன். அது தானாக வந்து 'டக்' என்று விழ வேண்டும். விழுந்தால்தான் நாள் தொடங்கும். என் மனைவி சுமதி இதற்கு 'சுப்ரபாதம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் கொல்லைப்புறம் போய்ப் பார்ப்பேன். குளம் இருந்தால் கதவை ஆட்டிப் பார்ப்பேன். ஒருமுறை நண்பர் வீட்டு விருந்தில் நான் வேலிக்கு வெளியே முட்டி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சாப்பாட்டுக்கு முன்பே ஏற்றிக்கொண்டேன் என்று நான்கு குடும்பம் முடிவு கட்டியது.

என் மகள் நித்யாவுக்கு இது மகா அவமானம். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள். இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் எங்கள் வீட்டு மாடிப்படி வரைக்கும்தான் வரும். மேலே ஏறி அறைக் கதவைச் சாத்தினால் ஆங்கிலம். "அப்பா, நீ ரொம்ப பயம் பண்றே," என்பாள். பயம் பண்ண முடியாது, பயப்படத்தான் முடியும் என்று திருத்துவேன். "அதையும் பண்றே," என்பாள்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் பேச்சு குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரியும். ஊரில் அத்தையும் மாமாவும் கட்டிய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறாயா என்று பயந்து பயந்துதான் கேட்டேன். "பாப்பா இருப்பாளா?" என்று கேட்டாள். பாப்பா என்பது அக்காவின் பேத்தி. அக்கா மகள் ரேவதியின் பிள்ளை, இரண்டரை வயது. பெயர் யாழினி, ஆனால் அது ஆதார் அட்டைக்கு மட்டும். வீடியோ அழைப்பில் நித்யாவை 'நித்தி' என்று கூப்பிட்டே அவளை வளைத்துப் போட்டிருந்தது அது. இருப்பாள் என்றேன். டிக்கெட் போட்டோம்.

4

தனசேகர் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு பழைய வேனில் கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றி ஆரம்பித்தவர். இப்போது வண்டிகள் நிறைய. எனக்கு வேலை இல்லாத காலத்தில், வேனின் முன்சீட்டில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, "ஊருக்கே நீதான் மேனேஜரு," என்று சொல்லிச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவர். அவர் என்னைத் திட்டினால் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

பூஞ்சேரி கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, சவுக்குத் தோப்பு ஓரமாக அவர் புது வீடு கட்டியிருந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக அங்கேதான் கொண்டுபோனார். போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் முகம் பேசிக்கொண்டே வந்தது. சுற்றுச்சுவர் எட்டடி. மேலே கண்ணாடிச் சில்லு. அதற்கும் மேலே கேமரா. இரட்டைப் பூட்டு போட்ட இரும்புக் கதவு. உள்ளே கூடத்தைத் தாண்டி ஒரு அகலமான கண்ணாடிக் கதவை மடக்கித் திறந்தார்.

மூன்று படி இறங்கினால் குளம். நீலமாக, நீளமாக, என் குளத்தை விடப் பெரிதாக.

"எப்டி கீது மச்சான்?"

அவர் கண்ணில் அந்தப் பழைய போட்டோ மின்னியது. ஒரு நல்ல மைத்துனன் அந்த இடத்தில் கட்டிப் பிடித்திருப்பான். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா, மயக்கம் வருதா?" என்று பதறினார்.

இரண்டரை வயது உயரத்திலிருந்து பார்த்தேன். கூடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. படிகூட, இறங்க வசதியாகத் தாழ்வாக இருந்தது.

"மாமா, வேலி எங்க?"

"சொவுரு பாத்தியா இல்லியா நீ? ஒரு பூனை உள்ள வர முடியாது."

"வர்றவங்களுக்கு இல்ல மாமா. உள்ள இருக்கறவங்களுக்கு."

"உள்ள கீறதெல்லாம் நம்ம ஜனம்யா. நம்ம ஜனம் நம்ம தண்ணியவா தூக்கினு போய்டும்?"

கிரெக்கிடம் நான் கேட்ட அதே கேள்வி, கொஞ்சம் நல்ல தமிழில். பின்னால் சுமதி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

5

கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் அக்காவின் பழைய வீட்டில் தங்கி, அங்கே பெரிய பேஜாராக வாழ்ந்தேன்.

காலை நாஸ்தாவில் ஆரம்பிப்பேன். வேலி போடும் கதை, கதவு தானாகச் சாத்தும் கதை, பிள்ளை சத்தம் போடாத கதை. இட்லியை வைத்துவிட்டு அக்கா இடுப்பில் கை வைப்பாள். "டேய், வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. துன்னுட்டு சண்ட போடு."

"பிளான் பாத்த ஆபீஸருங்க ஒருத்தரும் இதக் கேக்கலியே," என்றார் மாமா. "சொவுரு எத்தினி அடி தள்ளிக் கட்டணும்னு கேட்டாங்க. மழத்தண்ணி எங்க போவும்னு கேட்டாங்க. உன்ன மாதிரி ஒருத்தனும் முட்டி போட்டு உக்காரல."

"அங்கல்லாம் சட்டம் மாமா."

"அங்க வூட்ல ரெண்டு பேரு கீறான். பாத்துக்க ஆளு இல்ல, வேலி வேணும். இங்க விசேஷத்துக்கு இருநூறு பேரு வரான். இருநூறு பேரு இருக்கச் சொல்ல ஒரு கொழந்தய வுட்ருவமா? இறங்கறதுக்கே வுடமாட்டாங்க, தூக்கினே சுத்துவாங்க."

அது உண்மைதான். பாப்பாவின் கால் தரையில் பட்டு நான் பார்க்கவே இல்லை. ரேவதி இடுப்பிலிருந்து அக்கா இடுப்புக்கு, அங்கிருந்து சுமதி, அங்கிருந்து நித்யா, அங்கிருந்து பெயர் தெரியாத ஒரு சித்தி. எங்கள் வீடுகளில் பிள்ளை வளர்வதே இப்படித்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் ஒவ்வொரு முறை பாப்பா கை மாறும்போதும் கொடுத்தவளைக் கவனித்தேன். தூக்கிக் கொடுத்தவள், அந்த நொடியிலிருந்து பிள்ளையை மறந்துவிடுகிறாள். 'யாராவது வெச்சிருப்பாங்க' என்ற நம்பிக்கை. அந்த யாராவது யார்?

இதை நித்யாவிடம் சொன்னேன். வழக்கம்போல் கண்ணை உருட்டுவாள் என்று பார்த்தேன். உருட்டவில்லை. "யூ ஆர் ரைட், அப்பா," என்றாள் மெதுவாக. இரண்டு வருஷத்தில் அவள் என்னைச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பயம் இன்னும் அதிகமாயிற்று.

6

இரும்பு வேலி கேட்டுப் போனால், செங்கல்பட்டு வெல்டிங் பட்டறைக்காரர் தைப்பூசம் முடிந்து வரச் சொன்னார். கடைசியில் பந்தல்காரரைப் பிடித்தேன். முருகேசன் என்று பெயர். சாப்பாட்டுப் பந்தல் போட வந்திருந்தார்.

"இந்தக் குளத்தச் சுத்தி அடைக்கணும் அண்ணாத்த."

"கட்சித் தலைவரு யார்னா வராரா சார்?"

"இல்ல, பாப்பாதான்."

"பாப்பாவுக்கா இந்த பந்தோபஸ்து!"

சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே மூன்று கம்பு கட்டினார். பொதுக்கூட்டத்துக்குக் கட்டுவது போலவே கட்டினார். நான் பார்த்துவிட்டு, குறுக்குக் கம்பு கூடாது, ஏணி மாதிரி ஏறிவிடும் என்றேன். பிரித்தார். நெட்டுக் கம்பாக நெருக்கி நட்டார். கீழே சந்து கூடாது, நுழைந்துவிடும் என்றேன். அதையும் அடைத்தார். கதவு ஒன்று வைத்து, அது தானாகச் சாத்த வேண்டும் என்றதும் பீடியைக் கீழே போட்டார். "சார், நானு பந்தல் போடறவன். மந்திரவாதி இல்ல." கடைசியில் சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினோம். கதவு விட்டதும் வந்து அறைந்து சாத்தியது. முருகேசனுக்கே அது பிடித்துப்போய், போகிற வருகிற போதெல்லாம் திறந்து விட்டு வேடிக்கை பார்த்தார்.

சாயங்காலம் வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். நீலக் குளம் இருந்த இடத்தில் சவுக்குக் கோட்டை.

"என் வூட்டு விசேஷத்துல மாட்டுக் கொட்டாய் கட்டி வெச்சிக்கிறான்," என்றார் அக்காவிடம். என்னிடம் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. வேனின் முன்சீட்டில் உட்கார வைத்த மனிதர், அன்று ராத்திரி என் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார்.

7

கிரகப்பிரவேசம் நன்றாகவே ஆரம்பித்தது. விடியலில் பசுவும் கன்றும் வந்தன, பால் பொங்கியது, ஹோமப் புகையில் எல்லோரும் அழுதோம். ஐயர் குளத்துக்கும் பூஜை செய்தார். மாமா குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றினார், கொஞ்சம் பாலும். கூடை நிறைய ரோஜா, செவ்வந்தி இதழ். தண்ணீரின் அடி தெரியவில்லை. பிரிஸ்பேனில் அடி தெரிய வேண்டும் என்பதற்காகவே மருந்து போட்டு மாய்கிறவன் நான். "மாமா, தரை தெரியல," என்றேன். "கங்கைக்கு இன்னாத்துக்குடா தரை?" என்றார். பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். குளம் கட்டியிருக்கிறாராமே, எங்கே என்று கேட்டார்கள். சவுக்குக் கம்பு இடுக்கில் ஒற்றைக் கண் வைத்துப் பார்த்தார்கள். மாமா முகம் சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் முருகேசனைக் கூப்பிட்டு, கூடத்துப் பக்கம் இருந்த கம்புகளைப் பிடுங்கச் சொன்னார்.

"மாமா!"

"போட்டோ எடுத்ததும் நட்டுடலாம்டா. ஒரு பத்து நிமிசம். வூடு கட்டினவன் குளத்தாண்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கக் கூடாதா?"

போட்டோ என்று வந்துவிட்டால் நான் என்ன சொல்ல முடியும்? இதையெல்லாம் ஆரம்பித்து வைத்ததே என் போட்டோதானே.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போய் அந்தத் திறப்பில் போட்டு உட்கார்ந்தேன். பட்டு வேட்டியில் ஒரு காவல்காரன். போட்டோக்காரர் மாமாவையும் அக்காவையும் எடுத்தார், பிறகு ஊரப்பாக்கத்துச் சொந்தங்களை, பிறகு வேன் டிரைவர்களை. பத்து நிமிஷம் நீண்டது.

அப்போது கூடத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். "தம்பி, சீரு!"

கூடப்பிறந்தவளின் கிரகப்பிரவேசத்தில் தம்பி சீர் வைக்க வேண்டும். அக்காவுக்குப் புடவை, மாமாவுக்கு வேட்டி, தட்டில் பழம் பூ வெற்றிலை. அதற்குத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். வரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்க முடியாது. பக்கத்தில் நின்ற இரண்டு பெரியம்மாக்களிடம், "கொஞ்சம் பாத்துக்குங்க, கொழந்தைங்க யாரும் தாண்டக் கூடாது," என்றேன். "போ ராசா, நாங்க இல்ல?" என்றார்கள். நாற்காலியை அவர்களுக்குக் கொடுத்தேன்.

சீர் வைத்தேன். அக்கா கண் கலங்கினாள். மாமா புது வேட்டியை அங்கேயே கட்டிக்கொண்டு வந்து, என் தோளில் கை போட்டு, "போதும்யா உன் கோவம்," என்றார், கோபித்துக்கொண்டது நான் என்பது போல. எல்லோரும் சிரித்தார்கள். பந்திக்குக் கூப்பிட்டார்கள். மாமா பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனார்.

நான் திரும்பி வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

8

கூடத்தில் ரேவதி நின்றிருந்தாள். "பாப்பா எங்கம்மா?"

"அம்மாகிட்ட குடுத்தேனே மாமா."

அக்கா: "நானு சுமதிகிட்ட குடுத்தேன்."

சுமதி: "நித்யா வாங்கிக்கிட்டாளே."

நித்யா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "ஒரு பெரியம்மாகிட்ட. சிவப்புப் புடவை." சிவப்புப் புடவைப் பெரியம்மா பந்தியில் முதல் வரிசையில் இருந்தார். மடியில் யாரும் இல்லை. "யாரோ வாங்கினாங்களே," என்றார்.

நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிக்க வேண்டும். கூடத்துப் பக்கம் பத்தடி அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. நான் அதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய், சைக்கிள் டியூப் கட்டிய கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனேன். கதவு என் பின்னால் தானாக, சட்டப்படி, சாத்திக்கொண்டது.

தண்ணீரில் இதழ்கள் அசையாமல் கிடந்தன. அடியில் மஞ்சள், வேறு எதுவும் தெரியவில்லை. சத்தம் இல்லை. சத்தம் இருக்காது என்று எனக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். பிரிஸ்பேனில் என் குளத்து வேலியில் மாட்டிய முதலுதவிப் படம் போட்ட பலகையை வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிறவன்; ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஓரத்தில் நின்றுகொண்டு, கை இரண்டையும் தூக்கியபடி, ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

கூடத்துப் பக்கமிருந்து ஒரு வெள்ளை உருவம் என்னைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. மாமா. கையில் இன்னும் பாயசக் கரண்டி. அவருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றுப் பக்கமே போகாதவர். மார்பளவுத் தண்ணீரில் தள்ளாடி எழுந்து, காலால் தரையைத் துழாவ ஆரம்பித்தார். கத்தவில்லை. யாரிடமோ பேசுகிற மாதிரி, தணிந்த குரலில், "தாத்தா கால்ல தட்டு கண்ணு. தாத்தா கால்ல தட்டுடா. இங்கதான் கீறேன்," என்று சொல்லிக்கொண்டே மூலை மூலையாகப் போனார்.

அதற்குப் பிறகுதான் என் கால் நகர்ந்தது. நானும் குதித்தேன். இருவரும் கையை விரித்துத் துழாவினோம். துழாவத் துழாவத் தண்ணீர் இன்னும் கலங்கியது.

"மாமா, ஆடாதீங்க! அப்பா, நில்லு!"

நித்யா. புடவையை உருவி எறிந்துவிட்டு, பாவாடையோடு இறங்கினாள். ஒரு முனையில் சுவரைத் தொட்டாள், மூழ்கினாள், மறு முனையில் எழுந்தாள். ஒரு கை தள்ளி மறுபடி மூழ்கினாள். உழவு ஓட்டுகிற மாதிரி வரிசையாக. ஒவ்வொரு முறை அவள் தலை வெளியே வரும்போதும் அவள் கையைத்தான் பார்த்தேன். கரையில் அக்கா நின்றிருந்தாள். ரேவதியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிச் சுவரைத் தொட்டு எழுந்தவள் மூச்சு வாங்கினாள். "இல்ல. தண்ணில இல்ல."

மாமா நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் மூலையில் காலால் தடவிக்கொண்டிருந்தார்.

பந்திப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க, இந்தப் பாப்பாவ யார்னா தேடறீங்களா? இன்னோரு அப்பளம் கேக்குதே, குடுக்கலாமா?"

9

நடந்தது இவ்வளவுதான். பாப்பா குளத்துப் பக்கம் போகவே இல்லை. சிவப்புப் புடவைப் பெரியம்மாவிடமிருந்து ஊரப்பாக்கத்து அம்மா ஒருவர் வாங்கி, அவர் மருமகளிடம் கொடுத்து, மருமகள் கடைசி வரிசையில் மடியில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறாள். யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாளாம். காவலுக்கு நான் வைத்த பெரியம்மாக்கள் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பி எழுந்துபோனார்களாம்.

ரேவதி பிள்ளையை வாங்கி அழுதாள். பிறகு அதன் முதுகில் ஓர் அடி வைத்தாள், அதுவும் அழுதது. நித்யாவை அக்கா தன் புது சீர்ப் புடவையால் சுற்றித் துடைத்துவிட்டாள். நித்யா அத்தையின் தோளில் முகம் வைத்து நெடுநேரம் அப்படியே நின்றாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

மாமா படியேறி வந்தார். புது வேட்டி மஞ்சளாகியிருந்தது, மீசையில் ஒரு ரோஜா இதழ். பாப்பாவைக் கொடுக்க வந்தார்கள். ஈரம் படும் என்று கை நீட்டவில்லை. அதன் கால் கட்டைவிரலை மட்டும் பிடித்து ஆட்டினார். பிறகு, பிடுங்கிப் போட்டிருந்த சவுக்குக் கம்புகள் கிடந்த இடத்துக்கு நேராகப் போய் ஒன்றைத் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன்.

"மேல குறுக்க ஒண்ணு கட்டலாமா?" என்று கேட்டார்.

"கூடாது மாமா. ஏறிடும்."

சரி என்றார். முருகேசன் கயிறு கொண்டுவந்தார். இரண்டாம் பந்தி முடிவதற்குள் அந்தத் திறப்பை அடைத்துவிட்டோம்.

தைப்பூசம் கழிந்ததும் பட்டறைக்காரர் இரும்பு வேலியைக் கொண்டுவந்து பொருத்தினார். மாமா முட்டி போட்டு உட்கார்ந்து, சுற்றிலும் நகர்ந்து பார்த்துத்தான் அவரை அனுப்பினார்.